டென்ஷன் நாளில் ஒரு சின்ன உதவி

பதினான்கு நாட்களாக, ஒவ்வொரு இரவும் 77 பேருக்குத் தானியங்கி அழைப்பு ஒன்று வந்துகொண்டிருந்தது. அன்றைய குறிப்பை மறக்காமல் எழுதிவிடச் சொல்லும் அழைப்பு அது. இன்று வேலையில், பணத்தில், உடல்நலத்தில், உறவுகளில் என்ன நெருக்கடி வந்தது, யாருக்காவது ஏதாவது உதவ முடிந்ததா, மனம் எப்படி இருந்தது என்பவைதான் கேள்விகள். உதவி என்று அவர்கள் குறித்தவையும் பெரிய தர்ம காரியங்கள் இல்லை. பின்னால் வருபவருக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பது, தடுமாறி நிற்பவரிடம் ‘ஏதாவது உதவி வேண்டுமா’ என்று கேட்பது, ஒரு பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுப்பது.

எலிசபெத் ரபோசா, ஹாலி லாஸ், எமிலி ஆன்செல் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வு இது. கலந்துகொண்டவர்கள் 18 முதல் 44 வயது வரையிலான சாதாரண மனிதர்கள். அதிகம் உதவிய நாட்களில் நெருக்கடி வந்தபோதும் அவர்களுடைய மனநிலை பெரிதாகச் சரியவில்லை. வழக்கத்தைவிடக் குறைவாக உதவிய நாட்களிலோ நெருக்கடி அவர்களைக் கூடுதலாக வாட்டியது.

டென்ஷன் தலைக்கேறிய நாளில் ‘என் பாடே பெரும்பாடாக இருக்கிறது, இதில் அடுத்தவரை எங்கே பார்ப்பது’ என்று தோன்றுவது இயல்பு. அந்த நாளில்தான் ஒரு சின்ன உதவி, செய்கிறவருக்கே அதிகம் கைகொடுக்கிறது. ஆகவே மனம் நன்றாக இருக்கும் நாளுக்கென்று கனிவைத் தள்ளிவைக்காமல், நேரமும் இடமும் குறித்து அன்றாடப் பழக்கமாக்கிக்கொள்வது நல்லது. அதற்கான வழிகளையும், அது எங்கே எல்லை தாண்டக்கூடும் என்பதையும் இந்த அத்தியாயம் சொல்கிறது.

உடம்புக்குள் நடப்பது

மன அழுத்தத்தை மருத்துவ ஆய்வுப் பொருளாக நிலைநாட்டியவர்களில் முதன்மையானவர் ஹான்ஸ் செல்யே. கனடாவின் மாண்ட்ரியல் நகரில் பணியாற்றிய அவர் 1936-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய சிறு கட்டுரையில், காயம், குளிர், நச்சு என எந்தத் தொல்லை வந்தாலும் உடல் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் எதிர்வினை காட்டுகிறது என்றார். இன்று அந்த எதிர்வினையின் வழி நன்றாகத் தெரியும். அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது, கார்டிசால் ஏறுகிறது. ஆபத்து விலகியதும் எல்லாம் தணிந்துவிட்டால் தொந்தரவு இல்லை. வட்டிக் கவலை, மேலதிகாரியின் முகம், பிள்ளையின் மதிப்பெண் என்று காரணங்கள் தொடர்ந்து வந்துகொண்டே இருந்தால் உடல் தணியவே வழியில்லாமல் போகிறது.

எதிர்த்து நில் அல்லது ஓடிவிடு என்பதே நெருக்கடியில் உயிர்களின் இயல்பு என்று பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. 2000-ல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஷெல்லி டெய்லரும் உடன் பணியாற்றியவர்களும் இதில் இன்னொரு பக்கத்தைக் காட்டினார்கள். நெருக்கடி வரும்போது குட்டிகளைக் காப்பதும் கூட்டத்தோடு சேர்ந்துகொள்வதும்கூட உயிரைக் காக்கும் இயல்புதான். குறிப்பாகப் பெண்களிடம் இதை அதிகம் காணலாம். ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனுக்கு இதில் பங்கிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. அந்த வகையில் பார்த்தால், பதற்றத்தில் இருக்கும்போது அடுத்தவரைக் கவனிப்பது மனிதருக்குப் புதிதாகக் கற்றுத்தர வேண்டிய குணமே இல்லை.

உதவியின் பலன் ரத்த அழுத்தத்திலும் தெரிந்திருக்கிறது. ஆஷ்லி வில்லன்ஸும் சக ஆய்வாளர்களும் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், உயர் ரத்த அழுத்தம் உள்ள முதியவர்களுக்கு மூன்று வாரங்கள், வாரம் 40 டாலர் கொடுக்கப்பட்டது. ஒரு பகுதியினர் அதைத் தங்களுக்கே செலவிட வேண்டும், மற்றவர்கள் பிறருக்குச் செலவிட வேண்டும். பிறருக்குச் செலவிட்டவர்களின் ரத்த அழுத்தம் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. மருந்தோடும் நடையோடும் சேர்த்துக்கொள்ள வேண்டிய மூன்றாவது விஷயம் இது.

தொகை பெரிதாக இருக்க வேண்டியதில்லை

கையில் காசு இருப்பவர்களுக்குத்தானே இதெல்லாம் என்ற கேள்வி எழலாம். எலிசபெத் டன், லாரா அக்னின், மைக்கேல் நார்ட்டன் மூவரும் 2008-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை சொல்கிறது. கனடாவின் வான்கூவர் நகரில் காலையில் சிலரிடம் ஓர் உறை கொடுத்தார்கள். உள்ளே 5 டாலரோ 20 டாலரோ இருக்கும். மாலை 5 மணிக்குள் செலவழித்துவிட வேண்டும்; தனக்கா, பிறருக்கா என்பது உறையிலேயே எழுதியிருக்கும். மாலையில் பேசியபோது, பிறருக்குச் செலவழித்தவர்கள்தான் அதிக மகிழ்ச்சியோடு இருந்தார்கள். தொகை 5-ஆ 20-ஆ என்பதால் எந்த வேறுபாடும் தெரியவில்லை. இதே நிபந்தனைகளை வேறு சிலரிடம் சொல்லி, எது அதிக மகிழ்ச்சி தரும் என்று கேட்டபோது பெரும்பாலோர் 20 டாலரைத் தனக்கே செலவழிப்பதைத் தேர்ந்தெடுத்தார்கள். எது மனதுக்கு இதம் தரும் என்று கணிப்பதில் மனிதர்கள் தவறிவிடுகிறார்கள்.

காசே இல்லாத உதவிக்கும் சான்று உண்டு. டெட்ராய்ட் வட்டாரத்தில் 846 முதியவர்களை ஐந்தாண்டுகள் பின்தொடர்ந்த மைக்கேல் பூலின் குழுவினரின் ஆய்வு 2013-ல் வெளியானது. கடைக்குப் போய்வருவது, வண்டியில் கொண்டுபோய் விடுவது, குழந்தையைப் பார்த்துக்கொள்வது என்று தன் வீட்டில் வசிக்காத உறவினருக்கோ நண்பருக்கோ அண்டை வீட்டாருக்கோ கடந்த ஓராண்டில் உதவினார்களா என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். அப்படி உதவாதவர்களிடையே, வாழ்க்கையில் பெரிய நெருக்கடியைச் சந்தித்தவர்களுக்கு மரண அபாயம் கூடியிருந்தது. உதவியவர்களிடையே அந்தத் தொடர்பு காணப்படவில்லை. வயதையும் தொடக்கத்தில் இருந்த உடல்நலத்தையும் கணக்கில் சேர்த்த பிறகும் முடிவு மாறவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். உதவிக்கும் மகிழ்ச்சிக்கும் உள்ள தொடர்பைச் சோதித்த 27 ஆய்வுகளை ஆலிவர் கரியும் சகாக்களும் 2018-ல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். பலன் உண்மைதான், அதன் அளவு சிறியது முதல் நடுத்தரம் வரை என்று கண்டார்கள். ஒரே உதவியில் கவலை பறந்துவிடாது. அடிக்கடி செய்தால்தான் சேரும்.

கூச்சம் என்ற தடை

நல்லது செய்ய நினைத்தும் செய்யாமல் நகர்ந்துவிடுவதற்குப் பெரும்பாலும் காரணம் கல்மனம் இல்லை. ‘தப்பாக நினைத்துக்கொள்வார்களோ’, ‘இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா’ என்ற தயக்கம்தான். இந்தத் தயக்கத்தை அமித் குமாரும் நிக்கோலஸ் எப்லியும் அளந்து பார்த்திருக்கிறார்கள். சிகாகோவின் மேகி டேலி பூங்காவில், பனிச்சறுக்குத் தளத்துக்கு வந்தவர்களிடம் ஒரு கோப்பை சூடான சாக்லேட் பானத்தை யாராவது அந்நியருக்குத் தரச் சொன்னார்கள். வாங்குகிறவர் எவ்வளவு சந்தோஷப்படுவார் என்று கொடுத்தவர்கள் ஊகித்தார்கள். வாங்கியவர்கள் உண்மையில் அடைந்த சந்தோஷம் அந்த ஊகத்தைவிட அதிகமாக இருந்தது. 2022-ல் வெளியான இந்த ஆய்வின்படி, கொடுப்பவர் பானத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறார். வாங்குபவருக்கோ, முன்பின் தெரியாத ஒருவர் தன்னை நினைத்துக் கொடுத்தாரே என்பது பெரிதாகப் படுகிறது.

டீக்கடையில் மாஸ்டரிடம் முகம் பார்த்து ‘அண்ணே, டீ நல்லா இருந்துச்சு’ என்று சொல்லிவிட்டு வருவது இந்தக் கணக்கில் சேரும். வான்கூவரில் ஒரு காப்பிக் கடைக்கு வந்தவர்களில் சிலரிடம் ஊழியரைப் பார்த்துச் சிரித்து இரண்டு வார்த்தை பேசும்படியும், மற்றவர்களிடம் பேச்சில்லாமல் வேலையை முடித்துக்கொள்ளும்படியும் ஜில்லியன் சாண்ட்ஸ்ட்ராமும் எலிசபெத் டன்னும் கேட்டுக்கொண்டார்கள். சிரித்துப் பேசிவிட்டு வந்தவர்களே கூடுதல் உற்சாகத்தோடும் ஒட்டுதலோடும் வெளியே வந்தார்கள். ஊபர், ஸ்விக்கி, யுபிஐ என்று முகம் பார்க்காமலே நாள் முழுதும் ஓட்டிவிட முடிகிற நகரவாசிகளுக்கு இந்த இரண்டு வார்த்தை இன்னும் முக்கியம்.

பழக்கமாக்கும் வழி

‘இனிமேல் எல்லோரிடமும் நல்லபடியாக நடந்துகொள்வேன்’ என்ற தீர்மானம் ஒரு வாரம்கூடத் தாங்காது. எப்போது, எங்கே, என்ன செய்வது என்று அதில் இல்லை. ‘இது நடந்தால் அதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிவெடுத்துக்கொள்பவர்கள் சொன்னதைச் செய்து முடிக்கும் வாய்ப்பு அதிகம் என்பதை ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களிலிருந்து காட்டிவந்திருக்கிறார். 2006-ல் அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 சோதனைகளைத் தொகுத்து அதை உறுதிப்படுத்தினார்கள்.

எனவே ஒவ்வொரு உதவியையும் ஏற்கெனவே தினமும் நடக்கும் ஏதாவது ஒன்றோடு முடிச்சுப் போட வேண்டும். சில மாதிரிகள்:

- பேருந்தில் கண்டக்டர் டிக்கெட்டைக் கையில் கொடுத்ததும், முகம் பார்த்து நன்றி சொல்வது.
- வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும், கைபேசியை எடுக்கும் முன், வீட்டில் இருப்பவரிடம் ‘இன்னைக்கு எப்படிப் போச்சு’ என்று கேட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்பது.
- குப்பைக்கூடையை எடுக்கும்போது, உடைந்த கண்ணாடியையும் பிளேடையும் தாளில் சுற்றித் தனியாக வைத்து, தூய்மைப் பணியாளரிடம் சொல்லிக் கொடுப்பது.
- வெயில் நேரத்தில் பொட்டலம் கொண்டுவருபவர் மணி அடித்ததும், தண்ணீர் வேண்டுமா என்று கேட்பது.
- வங்கியில் வரிசையில் நிற்கும்போது, செலானை வைத்துக்கொண்டு தடுமாறும் பெரியவரிடம் ‘எழுதித் தரட்டுமா ஐயா’ என்று கேட்பது.
- ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும், ஊரில் தனியாக இருக்கும் பெரியம்மாவுக்கோ சித்தப்பாவுக்கோ போன் போடுவது.

இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தொடங்கினால் போதும். அது பழக்கமாக எவ்வளவு நாளாகும்? லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஃபிலிப்பா லாலி, 96 பேரை 12 வாரங்கள் கவனித்தார். மதியச் சாப்பாட்டோடு பழம் சாப்பிடுவது, இரவு உணவுக்கு முன் 15 நிமிடம் ஓடுவது போல ஆளுக்கொரு புதுப் பழக்கம். 2010-ல் வெளியான முடிவின்படி, யோசிக்காமலே செய்யும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாட்கள் ஆயின. சிலருக்கு 18 நாட்களே போதுமாக இருந்தது. வேறு சிலருக்கு 254 நாட்கள்வரை ஆகும் என்று கணக்கு காட்டியது. நடுவில் ஒருநாள் விட்டுப்போனால் பழக்கம் உருவாவதில் குறிப்பிடத்தக்க பாதிப்பில்லை என்பதும் அதில் தெரிந்தது. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்ற கணக்கை நம்பித் தொடங்கி, 22-ம் நாள் மனம் விட்டுப்போனவர்களுக்கு இது நல்ல செய்தி.

எத்தனை முறை செய்வது? இதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. சோன்யா லியுபோமிர்ஸ்கியும் சகாக்களும் 2005-ல் எழுதிய கட்டுரையில், மாணவர்கள் ஆறு வாரங்கள் வாரத்துக்கு ஐந்து நல்ல காரியங்கள் செய்தார்கள். ஐந்தையும் ஒரே நாளில் செய்தவர்களிடம் மகிழ்ச்சி கூடியது. வாரம் முழுவதும் பிரித்துச் செய்தவர்களிடம் அந்த அளவுக்குத் தெரியவில்லை. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் டேவிட் கிரெக்கும் ஜெனிஃபர் சீவன்ஸும் 2023-ல் வெளியிட்ட சோதனையிலும் இதே போன்ற அமைப்புதான். மனச்சோர்வு, பதற்றம், அழுத்தம் உள்ள 122 பேரில் ஒரு பிரிவினர் ஐந்து வாரங்கள், வாரம் இரண்டு நாட்கள், நாளுக்கு மூன்று நல்ல காரியங்கள் செய்தார்கள். மற்ற பிரிவினர் நண்பர்களோடு பொழுதைக் கழித்தார்கள் அல்லது எதிர்மறை எண்ணங்களை எழுதிச் சீர்தூக்கிப் பார்த்தார்கள். எல்லோருக்குமே அறிகுறிகள் குறைந்தன. பிறரோடு ஒட்டுதல் அதிகம் கூடியது நல்ல காரியம் செய்தவர்களுக்கு. அதனால் தினமும் ஒரு சிறு செயல், வாரத்தில் ஒருநாள் இரண்டு மூன்று செயல்கள் என்று வைத்துக்கொள்வது பொருத்தமாக இருக்கும்.

ஒரே செயலில் இரண்டு பழக்கம்

நடைப்பயிற்சி, நேரத்துக்குத் தூக்கம், திரையைக் குறைப்பது போன்ற பழக்கங்கள் தனக்காக மட்டும் என்றால் எளிதில் நழுவும். இன்னொருவர் காத்திருந்தால் நழுவுவதில்லை. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ‘எக்ஸ்பீரியன்ஸ் கோர்’ என்ற திட்டத்தில் 60 வயதைத் தாண்டியவர்கள் வாரத்துக்கு 15 மணி நேரம் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போய்ச் சிறுவர்களுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். லிண்டா ஃப்ரீடின் குழு 2004-ல் வெளியிட்ட ஆய்வில், திட்டத்தில் சேராதவர்களோடு ஒப்பிட்டால் இவர்களுடைய உடல் இயக்கமும் வலிமையும் கூடியிருந்தன. ஆபத்துக்கு அழைக்கக்கூடிய மனிதர்களின் எண்ணிக்கையும் கூடியிருந்தது. அவர்கள் வீட்டைவிட்டுக் கிளம்பியது பிள்ளைகளுக்காக. உடற்பயிற்சி கூடவே நடந்தது.

இதை எந்தத் தெருவிலும் செய்யலாம். சர்க்கரைக்காக நடக்கச் சொல்லி மருத்துவர் வற்புறுத்தியும் தனியாக நடக்க அஞ்சும் எதிர்வீட்டு அம்மாவோடு காலை அரை மணி நேரம் நடந்தால், இருவர் நடையும் நிற்காது. இரவு 8 மணிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டுவதாக ஒப்புக்கொண்டவர் அந்த நேரத்தில் கைபேசியைத் தொட மாட்டார்.

தவறிய நாளில் தன்னிடமும் கனிவு

பழக்கங்கள் பெரும்பாலும் உடைவது முதல் தவறினால் அல்ல, அதற்குப் பின் தன்னையே திட்டிக்கொள்வதால். கிளேர் ஆடம்ஸும் மார்க் லியரியும் 2007-ல் வெளியிட்ட சோதனையில், கல்லூரிப் பெண்களுக்கு ஒரு டோநட் கொடுத்தார்கள். டயட்டில் இருப்பவருக்கு அது ஒரு தவறுதான். பிறகு ஒரு பிரிவினரிடம் மட்டும், ‘எல்லோரும் சாப்பிடுவதுதான், அதற்காக உங்களை நீங்களே நொந்துகொள்ளாதீர்கள்’ என்ற பொருளில் இரண்டு வார்த்தை சொல்லப்பட்டது. அடுத்து மிட்டாய்களை ருசிபார்க்கச் சொன்னார்கள். கட்டுப்பாட்டோடு உண்ணும் வழக்கமுள்ள பெண்களில், அந்த ஆறுதலைக் கேட்டவர்கள் குறைவாகச் சாப்பிட்டார்கள். கேட்காதவர்கள் ‘கெட்டது கெட்டாச்சு’ என்று அதிகம் எடுத்துக்கொண்டார்கள்.

கனடாவின் ஒட்டாவாவில் முதலாண்டு மாணவர்களிடம் மைக்கேல் வோல், டிமோதி பிச்சில், ஷானன் பென்னட் 2010-ல் கண்டதும் இதேதான். முதல் தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள்.

‘உனக்கு நீயே செல்லம் கொடுத்தால் உருப்பட மாட்டாய்’ என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது கடினமாக இருக்கும். வழி எளிது. தவறிய அன்று, இதே தவறைத் தங்கையோ நண்பனோ செய்திருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்று யோசித்து, அதே சொற்களைத் தனக்குச் சொல்லிக்கொள்வது; பிறகு ‘நாளை எந்த நேரத்தில் மீண்டும் தொடங்குவது’ என்ற ஒரு வரியை எழுதிவைப்பது. ஆறுதலும் அடுத்த அடியும் சேர்ந்தே வர வேண்டும்.

எங்கே நிறுத்த வேண்டும்

கனிவைப் பற்றிப் பேசும் நூல்கள் பலவும் இந்தப் பக்கத்தைத் தவிர்த்துவிடுகின்றன. நோயாளிக் கணவனையோ மனைவியையோ பராமரிக்கும் முதியவர்களை நான்காண்டுகள் கவனித்த ரிச்சர்ட் ஷுல்ஸும் ஸ்காட் பீச்சும், பராமரிப்பால் மனமும் உடலும் நொந்துபோனவர்களின் மரண அபாயம், பராமரிப்புப் பொறுப்பில்லாதவர்களைவிட 63% அதிகம் என்று 1999-ல் எழுதினார்கள். ஓய்வில்லாமல், மாற்று ஆளில்லாமல் செய்யும் சேவை உடலைத் தின்கிறது.

தமிழ் வீடுகளில் இந்தச் சுமை பெரும்பாலும் பெண்கள் தலையில்தான் விழுகிறது. விடியலில் காப்பி போடுவது முதல் மாமனாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது வரை அவர்கள் செய்வதை யாரும் உதவி என்று எண்ணுவதுகூட இல்லை. அவர்களிடம் போய் ‘இன்னும் கொஞ்சம் கனிவாக இருங்கள்’ என்று சொல்வது அநியாயம். இந்த அத்தியாயம் அந்த வீட்டின் மற்றவர்களுக்கானது. வாரத்தில் ஒருநாள் மாலை, அந்த வேலையை மொத்தமாக எடுத்துக்கொண்டு அவரை வெளியே போய்வரச் சொல்வதே அங்கே செய்யக்கூடிய முதல் உதவி.

விருப்பத்தோடு செய்யும் உதவிதான் செய்பவருக்கு நன்மை தருகிறது; கட்டாயத்தால், குற்ற உணர்வால் செய்வது தருவதில்லை என்பதை நெட்டா வைன்ஸ்டீனும் ரிச்சர்ட் ரயனும் 2010-ல் காட்டினார்கள். எனவே முடியாது என்று சொல்வதும் இந்தப் பயிற்சியில் சேரும். ‘இந்த வாரம் முடியாதுங்க, அடுத்த செவ்வாய் வந்து பார்க்கிறேன்’ என்று நாளைச் சொல்லி மறுத்தால் மனத்தாங்கல் வராது. கடன் கேட்பவரிடம் தொகையைக் குறைத்தோ, பணத்துக்குப் பதில் வேறு உதவியோ சொல்லலாம்.

நான்கு வாரத் திட்டம்

முதல் வாரம்: எதையும் மாற்ற வேண்டாம். ஒரு சிறு நோட்டில் தினமும் இரவு மூன்று விஷயங்களை மட்டும் குறிக்கவும். அன்றைய டென்ஷன் பத்துக்கு எவ்வளவு, யாருக்கு என்ன செய்தது, தூங்கப்போகும்போது மனம் எப்படி.

இரண்டாம் வாரம்: மேலே சொன்ன மாதிரிகளில் ஒன்று. தினமும், அதே இடத்தில், அதே நேரத்தில்.

மூன்றாம் வாரம்: அதோடு ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து இரண்டு மூன்று உதவிகள். அவற்றில் ஒன்றாவது பழகாத மனிதருக்கு இருக்கட்டும். மாலையில் டென்ஷன் எட்டைத் தாண்டிய நாளிலும் ஒன்றைச் செய்து பார்க்க வேண்டும்.

நான்காம் வாரம்: நடை, வாசிப்பு, தூக்கம் என்று தனக்குத் தேவையான ஒரு பழக்கத்தை இன்னொருவரோடு சேர்த்துத் தொடங்கவும்.

தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் பிடிப்பில்லாத நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, வாழவே வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை தலைகாட்டினாலோ திட்டத்தை ஒதுக்கிவைத்துவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

மாத முடிவில் நோட்டைப் புரட்டும்போது டென்ஷன் அதிகமான நாட்களை மட்டும் தனியே எடுத்துப் பார்க்க வேண்டும். அவற்றில் உதவி செய்த நாட்களுக்கும் செய்யாத நாட்களுக்கும் இரவுக் குறிப்பில் வேறுபாடு தெரிந்தால், எந்த உதவிக்குப் பின் மனம் அதிகம் தெளிந்ததோ அதை வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடலாம். வேறுபாடு தெரியவில்லையென்றால், செய்த உதவி கடமைக்காகச் செய்ததா, பலன் கண்ணில் படாத தூரத்தில் இருந்ததா என்று பார்த்து, நேரில் முகம் பார்த்துச் செய்யக்கூடிய ஒன்றாக மாற்றி இன்னொரு மாதம் தொடரலாம்.